மாடிக்குப் போன மீன் தொட்டி

கொளத்தூர்,
ஞாயிறு காலை

பாப்பா,

தொட்டியை மாடியில் ஏற்றியாகிவிட்டது. மீன் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் நீ சொன்ன இடத்தில் வைக்கவில்லை. ஹால் நடுவில் சோபாவுக்கு எதிரே வைத்தால் பார்க்க அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஏன் வைக்கவில்லை என்று போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியிலேயே வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குத் தண்ணீர் உள்ளே வந்தபோதே மேலே ஏற்றியிருக்க வேண்டும். ஸ்டாண்டின் காலில் அன்றைக்குப் பிடித்த துரு, விடவே இல்லை. "தண்ணிக்குப் பயந்து மீனை மாடிக்கு ஏத்துறோம்னா ஊரே சிரிக்கும்" என்று அம்மா இன்னும் சொல்லிக் கொண்டிருக்கிறாள். சிரிக்கட்டும்.

முதலில் எடையைச் சொல்கிறேன். நம் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அதாவது 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினாலும் தண்ணீரே 225 கிலோ. 10 மில்லிமீட்டர் கண்ணாடி 50 கிலோ. கல், மணல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 360 கிலோவைத் தொடுகிறது. ஐந்து ஆள் எடை, ஆறு சதுர அடிக்குள். அந்த ஐந்து பேரும் வந்து பேசிவிட்டுக் கிளம்பிப் போவதில்லை, வருஷக் கணக்கில் அங்கேயே நிற்கிறார்கள். நாள்பட்ட பாரத்துக்குக் கான்கிரீட் மெதுவாகத் தொய்யும், தெரியுமா?

வீட்டுத் தளத்துக்கு ஐ.எஸ். 875, அதாவது கட்டடம் தாங்க வேண்டிய பாரத்துக்கான இந்தியத் தரவிதி, சொல்வது சதுர மீட்டருக்கு 200 கிலோ. சதுர அடிக்குப் பார்த்தால் பத்தொன்பது கிலோ கூட வராது. நம் தொட்டி அறுபது. பயந்துவிடாதே, அந்த 200 அறை முழுவதற்குமான கணக்கு. பத்துக்குப் பத்து அறையே மொத்தமாக 1,800 கிலோ தாங்கும்படி போடுவது. பாரம் எவ்வளவு என்பதோடு எங்கே உட்காருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாரப் பலகையில் ஆள் நடுவில் நின்றால் பலகை வளையும், ஓரமாகக் கட்டையை ஒட்டி நின்றால் அசையாது. தளமும் அப்படித்தான்.

அதனால் கீழே சமையலறைச் சுவர் எங்கே ஓடுகிறதோ, அதற்கு நேர் மேலே, பீமை ஒட்டி, சுவரோரமாக நீளவாக்கில் வைத்திருக்கிறேன். அந்தப் பீமுக்குக் கம்பி கட்டியதை 2009-இல் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பால்கனி வேண்டவே வேண்டாம், அது ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்குவது. பாத்ரூமை ஒட்டிய இடமும் வேண்டாம், அங்கே தளத்தைத் தாழ்த்திச் செங்கல் துண்டு கொட்டி நிரப்பியிருக்கிறது.

இனி டைல்ஸ் விஷயம். பத்து ரூபாய்க் காசை எடுத்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போனேன். நல்லது 'டங்' என்றது. நீ சொன்ன இடத்தில் ஒன்று மட்டும் 'டொக்' என்றது. உளியால் பெயர்த்துப் பார்த்தேன். அடியில் ஐந்து உருண்டை கலவை, நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று. மற்றதெல்லாம் வெறும் காற்று, அதில் ஒரு எறும்புக் குடும்பம். நான் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் டியூட்டியில் இருந்த நாளில் ஒட்டியது. அன்றைக்கு ஒரு லீவு போட்டிருக்கலாம். ஸ்டாண்டின் கால் அந்தக் காற்றின் மேல் நின்றிருந்தால் ஒரு காலுக்குத் தொண்ணூறு கிலோ. டைல்ஸ் விரிசல் விட்டால் கால் இறங்கும், கால் இறங்கினால் தொட்டி முறுக்கிக்கொள்ளும், கண்ணாடிக்கு முறுக்கு ஆகாது.

புது இடத்தில் எல்லாமே 'டங்'. இருந்தாலும் நாலு காலையும் இணைத்து அடியில் சுற்றி ஒரு ஃப்ரேம் வெல்டிங் வைத்து, அதற்கும் கீழே 18 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட் போட்டேன். ரசமட்டம் வைத்தால் 4 அடிக்கு 4 மில்லிமீட்டர் பால்கனிப் பக்கம் சாய்வு. மூலைக்கு மூலை அட்டைத் துண்டு சொருகும் வேலையெல்லாம் என்னிடம் நடக்காது. ஃப்ரேம் நீளத்துக்கும் தாங்குகிற மாதிரி பட்டை வெட்டிக் கொடுத்தேன். ஐ.சி.எஃப். பட்டறையில் முப்பது வருஷம் செய்த வேலைதானே. தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் அரை அங்குலத் தெர்மாகோல்.

முதல் நாள் பாதித் தண்ணீர்தான். இரண்டு முனையிலும் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை ஸ்கேலில் அளந்தேன், சரியாக இருந்தது. மறுநாள் காலை மறுபடி அளந்துவிட்டு மீதியை ஊற்றினேன். அதுவரை மீன்கள் பக்கெட்டில். அம்மா இரண்டு நாள் கீழே போய்க் குளித்தாள், அந்தக் கோபம் வேறு.

அப்புறம், புனேயில் நாலாவது மாடியில் ஆறடித் தொட்டி வாங்கப் போவதாகச் சொன்னாயே. 6-க்கு 2-க்கு 2 என்றால் தண்ணீரே 680 லிட்டர். கண்ணாடி, கல், ஸ்டாண்டு சேர்த்தால் ஒரு டன் பக்கம் வரும். நம் பழைய மாருதி 800 கூட அவ்வளவு கிடையாது. வாடகை வீட்டு ஹாலில் காரை நிறுத்துவாயா? நம் வீட்டுத் தளம் எனக்குத் தெரியும், அந்தத் தளம் தெரியாது. கட்டடத்தின் ஸ்ட்ரக்சரல் டிராயிங் இருந்தால் குடியிருப்போர் சங்கத்தில் வாங்கி ஒரு இன்ஜினியரிடம் காட்டு. இல்லையென்றால் மூன்றடியோடு நிறுத்து. மூன்றாவது மாடிக்காரரைக் கேட்டு அவர்கள் ஹால் சீலிங்கைப் போட்டோ எடுத்து அனுப்பு, பீம் எங்கே போகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒன்றும் தெரியாது, அதையும் சொல்.

பெயர்த்த இடத்துக்கு லாஃப்டில் இருந்த பழைய டைல்ஸையே வைத்து, இந்தத் தடவை அடி முழுக்கக் கலவை பரப்பி ஒட்டிவிட்டேன். கலர் ஒரு சாயல் வித்தியாசம். அம்மா அதன் மேல் மிதியடி போட்டுவிட்டாள்.

அப்பா