எக்ஸார் ஸ்கிரிப்ட்: பைட்டுகளைப் பழக நல்லது, ஆதாரைப் பூட்ட ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் பென்டிரைவ் வழியாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. பதினைந்து வரிகூட இருக்காது. ஒரு ஃபைலையும் ஒரு பாஸ்வேர்டையும் கொடுத்தால், ஃபைல் திறக்க முடியாதபடி குழம்பிவிடும். அதே பாஸ்வேர்டோடு மறுபடி ஓட்டினால் பழையபடி வந்துவிடும். ஐந்து ரோடு பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் வாடிக்கையாளரின் ஆதார் ஸ்கேனை இதைக் கொண்டு ‘பூட்டி’ வைக்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பட்டறைகளிலிருந்து கொலுசு டிசைன் ஃபைல்கள் இதே பூட்டோடு டை வெட்டுகிறவரிடம் போகின்றன. மாணவர்கள் மினி புராஜெக்டாகவும் கொடுக்கிறார்கள்.

பைனரி ஃபைலைக் கையாளப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனால் இன்னொருவருடைய ஆவணத்தைக் காப்பாற்ற இது எள்ளளவும் உதவாது. காரணத்தைக் கணக்கோடு எழுதுகிறேன். உங்கள் மாணவர் பக்கத்தில் இடம் கொடுத்தால் கடைக்காரர்களுக்கும் பயன்படும்.

எந்த ஃபைலாக இருந்தாலும் உள்ளே இருப்பது 0 முதல் 255 வரையிலான எண்களின் வரிசைதான்; அந்த எண் ஒவ்வொன்றும் ஒரு பைட். பாஸ்வேர்டும் அப்படியே. ஸ்கிரிப்ட் செய்வது, ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் பாஸ்வேர்டின் ஒவ்வொரு பைட்டோடு வரிசையாக எக்ஸார் செய்வது. பாஸ்வேர்டு தீர்ந்ததும் முதலிலிருந்து தொடங்கும். எக்ஸார் என்பது இரண்டு எண்களையும் 0, 1 என்ற இரும இலக்கங்களாக எழுதி, ஒரே இடத்து இலக்கங்கள் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என்று போடும் கணக்கு. ஒரே எண்ணால் இருமுறை எக்ஸார் செய்தால் பழைய எண்ணே கிடைக்கும் என்பதால்தான் பூட்டவும் திறக்கவும் ஒரே ஸ்கிரிப்ட் போதுகிறது. ஜேபெக் படம் எப்போதும் 255, 216, 255 என்று தொடங்கும். சாவி, அதாவது பாஸ்வேர்டு, 75 என்ற ஒரே பைட் என்றால் அது 180, 147, 180 ஆகிவிடும். படம் திறக்காது.

ஆனால் ஜேபெக்கின் முதல் பைட் 255 என்பது ஊருக்கே தெரியும். பூட்டிய ஃபைலின் முதல் எண்ணான 180ஐ 255ஆல் எக்ஸார் செய்தால் 75 வந்துவிடும். சாவி நீளமாக இருந்தாலும் இதே கதிதான். பிஎன்ஜி படத்தின் முதல் 16 பைட்டுகள் எல்லாப் படத்திலும் ஒன்றே: 137, 80, 78, 71, 13, 10, 26, 10, பிறகு 0, 0, 0, 13, பிறகு 73, 72, 68, 82. எனவே 16 எழுத்துவரையிலான ஆங்கில பாஸ்வேர்டு முழுவதும் அங்கேயே வெளியே வந்துவிடும். பிடிஎஃப் 37, 80, 68, 70 என்று தொடங்கும். வேர்டு, எக்செல் ஃபைல்களின் இன்றைய வடிவம் உள்ளுக்குள் ஜிப்தான். அவை 80, 75, 3, 4 என்று தொடங்கும்.

கொலுசு டிசைன்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைவிட மோசம். டிசைன் பெரும்பாலும் பைனரி எஸ்டிஎல் ஃபைலாகப் போகிறது; முப்பரிமாண வடிவத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகச் சேர்த்துவைக்கும் ஃபைல் அது. அதன் அமைப்பு எளிது: முதலில் 80 பைட் தலைப்பு, அடுத்த 4 பைட்டில் முக்கோணங்களின் எண்ணிக்கை, அதன்பின் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். தலைப்பில் எழுத ஒன்றும் இல்லாதபோது சில மென்பொருள்கள் அதைப் பூஜ்ஜியத்தால் நிரப்பிவிடும். பூஜ்ஜியத்தோடு எதை எக்ஸார் செய்தாலும் அதுவே திரும்பி வரும். ‘கொலுசு’ என்று தமிழில் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அது 18 பைட். பூட்டிய ஃபைலின் முதல் 80 பைட்டில் அந்தப் பாஸ்வேர்டு நான்கு முறை முழுசாகவும் ஐந்தாம் முறை 8 பைட் வரையிலும் பட்டவர்த்தனமாக எழுதியிருக்கும். யாரும் உடைக்கவே வேண்டாம், படித்தால் போதும்.

தலைப்பில் வேறு ஏதாவது எழுதியிருந்தாலும் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு முக்கோணத்தின் கடைசி 2 பைட்டுகளும் வழக்கமாகப் பூஜ்ஜியமாகவே இருக்கும். 50ஐ 18ஆல் வகுத்தால் மீதி 14. ஆகவே அந்த இரண்டு பைட்டும் முக்கோணத்துக்கு முக்கோணம் சாவியின் வேறு வேறு இடத்தில் விழும். ஒன்பதே முக்கோணத்தில் 18 பைட்டும் வந்துவிடும். ஒரு கொலுசு டிசைனில் முக்கோணங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

தமிழில் பாஸ்வேர்டு வைப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி (எழுத்தோ அதன் துணைக்குறியோ) ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஆகவே 18 பைட்டில் உண்மையில் மறைந்திருப்பது ஏறக்குறைய ஆறுதான். இன்னொரு சிக்கல்: ‘கொ’வில் வரும் குறியைச் சில கீபோர்டுகள் ஒரே குறியாகவும், சில கீபோர்டுகள் ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்தும் போடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் பாஸ்வேர்டு 18 பைட், இரண்டாம் வகையில் 21. கடையில் பூட்டியதை வீட்டில் திறக்க முடியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பைத்தானின் யூனிகோடுடேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு வைத்து பாஸ்வேர்டை அதன் வழியே அனுப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பாஸ்வேர்டை நோட்பேடு ஃபைலிலிருந்து படிக்கிறவர்கள் வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் 10 என்ற பைட்டையும் நீக்க வேண்டும்.

இனி, பயிற்சியாக எழுதுகிற மாணவர்களுக்கு. தடுக்கி விழும் முதல் இடம் ஃபைலைத் திறக்கும் முறை. படிக்க ‘ஆர்பி’, எழுத ‘டபிள்யூபி’. அந்தப் ‘பி’யை விட்டால் பைத்தான் ஃபைலை எழுத்தாக மாற்றப் பார்க்கும். யூடிஎஃப்-8 என்றால் ஜேபெக்கின் முதல் பைட்டிலேயே பிழை வரும். விண்டோஸின் வழக்கமான குறியீடு என்றால் கொஞ்ச தூரம் ஓடி, 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்தில் ஒன்று வந்ததும் நிற்கும். அந்த எண்களுக்கு அங்கே எழுத்தே கிடையாது. பிழை போக வேண்டுமே என்று ‘இக்னோர்’ என்ற சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. படிக்க முடியாத பைட்டெல்லாம் சத்தமில்லாமல் கழிந்துபோகும், ஸ்கிரிப்ட் வெற்றி என்று சொல்லும், ஃபைல் திரும்பவே திரும்பாது.

எண்களை எழுத்தாக்கி டெக்ஸ்ட் முறையில் எழுதுகிறவர்களுக்கு வேறு தொல்லை. விண்டோஸில் 10 என்ற ஒவ்வொரு பைட்டும் 13, 10 என்று இரண்டாகும். 1 எம்பி ஃபைலில் எண்கள் சீராகப் பரவியிருந்தால் 10 ஏறக்குறைய 4,096 முறை வரும்; ஃபைல் 4 கேபி பெருத்துவிடும். எக்ஸார் பூட்டு ஃபைலின் அளவை ஒரு பைட்கூட மாற்றக் கூடாது. மாறியிருந்தால் வேறெதையும் தேடாமல் திறக்கும் முறையைப் பாருங்கள்.

அடுத்தது ஒரு எழுத்துப் பிழை போன்றது. பைட்ஸ் ஃபங்ஷனுக்கு 180 என்று வெறும் எண்ணைக் கொடுத்தால் 180 என்ற ஒரு பைட் வராது. 180 பூஜ்ஜியங்கள் வரும். எண்ணைச் சதுர அடைப்புக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும், அல்லது பைட்அரே ஒன்றில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். 2 எம்பி படம் 200 எம்பியைத் தாண்டி வெறும் பூஜ்ஜியமாக நின்றால் காரணம் இதுதான்.

பெரிய ஃபைலை 65,536 பைட் துண்டுகளாகப் படிப்பது நல்ல வழக்கம். ஆனால் சாவியின் இடத்தைத் துண்டுக்குத் துண்டு முதலிலிருந்து தொடங்கக் கூடாது. 65,536ஐ 18ஆல் வகுத்தால் மீதி 16. அடுத்த துண்டு சாவியின் 17ஆவது பைட்டிலிருந்து தொடர வேண்டும். பூட்டும்போது ஒரு துண்டு அளவும் திறக்கும்போது வேறு அளவும் வைத்து, ஒவ்வொரு துண்டிலும் சாவியைப் புதிதாகத் தொடங்கினால், படத்தின் மேல்பகுதி சரியாக வந்து கீழே குழம்பும். ஃபைலின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்பதைச் சாவியின் நீளத்தால் வகுத்து மீதியை எடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

பழைய ஃபைலின் மேலேயே எழுதுவது கூடவே கூடாது. ஏற்காட்டில் சித்திரை இடிமழைக்கு மின்சாரம் போவது சாதாரணம். பாதியில் நின்றால் ஃபைலின் முன்பாதி பூட்டியும் பின்பாதி பூட்டாமலும் கிடக்கும். எந்த இடத்தில் நின்றது என்று எங்கும் குறிப்பு இருக்காது. வேறு பெயரில் எழுதி முடித்து, மூடி, பிறகு ஓஎஸ் மாட்யூலின் ரீபிளேஸ் ஃபங்ஷனால் பெயரை மாற்றுங்கள். ஃபோல்டர் முழுவதையும் பூட்டுகிறவர்களுக்கு இன்னொன்று: ஸ்கிரிப்டைத் தவறுதலாக இருமுறை ஓட்டினால் எல்லாப் பூட்டும் திறந்துகொள்ளும். பூட்டிய ஃபைலின் முன்னால் உங்களுக்கென்று 4 பைட் அடையாளம் வைத்து, அது இருந்தால் மறுபடி பூட்டாதபடி செய்யுங்கள். அப்போது அளவு சரியாக 4 பைட் கூடும். எக்ஸார் கணக்கை அந்த 4 பைட்டுக்குப் பிறகு தொடங்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் அது பயிற்சி மட்டுமே. தவறான பாஸ்வேர்டு கொடுத்தால்கூட எக்ஸார் தவறு என்று சொல்லாது, குப்பையை எழுதிவைக்கும். இடையில் யாராவது ஒரு பைட்டை மாற்றினாலும் தெரியாது. உண்மையான பூட்டுக்கு ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை இருக்கிறது. பெல்ஜியத்தின் ஜோன் டேமன், வின்சென்ட் ரைமென் இருவரும் வடிவமைத்து, 2001இல் அமெரிக்க அரசு தரமாக அறிவித்தது அது. பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரியில், இடையில் ஃபைல் மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கும் ஏஇஎஸ்-ஜிசிஎம் வகை உண்டு. பாஸ்வேர்டை நேராகச் சாவியாக வைக்காமல், 16 பைட் சால்ட்டோடு (பாஸ்வேர்டோடு கலக்கும் தற்செயல் எண்கள்) ஹேஷ்லிப் மாட்யூலின் எஸ்கிரிப்ட் ஃபங்ஷன் வழியே 32 பைட் சாவியாக்குங்கள். அதில் ‘என்’ 16,384, ‘ஆர்’ 8, ‘பி’ 1 என்று வைத்தால் சுமார் 16 எம்பி நினைவகம் பிடிக்கும். ‘என்’ மதிப்பை 32,768 ஆக்கினால் நினைவக வரம்பு தாண்டியதாகப் பிழை வரும். அந்த வரம்பைக் குறிக்கும் மேக்ஸ்மெம் மதிப்பையும் சேர்த்து உயர்த்த வேண்டும்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் 12 பைட் நான்ஸ் (ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் எண்) புதிதாக எடுக்க வேண்டும். ஒரே சாவியில் அதே நான்ஸ் மறுபடி வந்தால் பாதுகாப்பு போய்விடும். சால்ட், நான்ஸ் இரண்டையும் ஓஎஸ் மாட்யூலின் யூரேண்டமிலிருந்து எடுங்கள். ரேண்டம் மாட்யூல் வேண்டாம். அது தரும் 624 எண்களைப் பார்த்தே அடுத்து வருவதைக் கணித்துவிடலாம். சால்ட் 16, நான்ஸ் 12, சரிபார்ப்பு முத்திரை 16 என்று ஃபைல் 44 பைட் கூடும். பாஸ்வேர்டு தவறானாலும் ஒரு பைட் மாறியிருந்தாலும் திறக்க மறுத்துப் பிழை காட்டும். நமக்கு வேண்டியது அதுதான்.

கடைக்காரர்களுக்கு ஸ்கிரிப்டே தேவையில்லை. 7-ஜிப் இலவசம். அதில் 7இசட் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, ஏஇஎஸ்-256 இருப்பதைப் பார்த்து, ஃபைல் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். ஜிப் வடிவத்தை எடுத்தால் அது தானாக வைக்கும் ஜிப்கிரிப்டோ பழைய முறை. அதை உடைக்கும் வழி 1994இலேயே வெளியாகிவிட்டது. பாஸ்வேர்டை ஃபைல் அனுப்பிய அதே வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் போனில் சொல்லுங்கள். ஆதார் நகல் வேலை முடிந்தபின் கடையில் இருக்கவே வேண்டியதில்லை.

ஏற்கெனவே எக்ஸாரில் பூட்டி வைத்திருப்பவர்கள் அவற்றை வேறு ஃபோல்டரில் திறந்து, ஒவ்வொன்றின் முதல் 16 பைட்டை எண்களாக பிரிண்ட் செய்து, மேலே சொன்ன தொடக்க எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். எஸ்டிஎல் என்றால் முக்கோண எண்ணிக்கையை 50ஆல் பெருக்கி 84ஐக் கூட்டினால் ஃபைலின் அளவு அப்படியே வர வேண்டும். பிறகு 7இசட்டாகப் பூட்டி, வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் பழையதை அழியுங்கள். பாஸ்வேர்டை மறந்தவர்களும் கவலைப்பட வேண்டாம். பிஎன்ஜி, எஸ்டிஎல் ஃபைல் ஒன்று கையில் இருந்தால் மேலே சொன்ன கணக்கே அதை மீட்டுத் தரும்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.