செயலாளரின் ஆண்டறிக்கை, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கலும் காவடிக்கான தண்ணீர்ப் பந்தலும் குறைவின்றி நடந்தன. ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகளைவிடத் தாத்தா பாட்டிகளே அதிகம். அதைப் பிறகு பேசுவோம்.

இவ்வாண்டு பெரிய வேலை மின்னணுக் கழிவுதான். 2021 ஆகஸ்ட் 23 முதல் இந்நாட்டில் அதைக் குப்பைமேட்டில் கொட்டக் கூடாது. ஆகவே மண்டபத்தில் பழைய பொருள்களைச் சேகரித்தோம். அள்ளிச் சென்ற வியாபாரி தாமிரக் கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஓடைக்கரையில் வீசியிருந்தார். போய்ப் பார்த்தேன். பெயரை எழுதவில்லை, இனி அவரிடம் கொடுப்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில்தான் நம் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். மின்சுற்றுப் பலகைத் தொழிற்சாலையில் பல ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற அம்மையார். "வாசலில் பொறுக்குகிறீர்கள், அடுப்பங்கரையில் சிந்துவதை யார் பார்ப்பது?" என்றார். பொருள் செய்யும் தொழிற்சாலையிலேயே வீணாவதைத்தான் அப்படிச் சொன்னார். அடுத்த மாதக் கூட்டத்தை அவரிடமே ஒப்படைத்தோம்.

சால்டர் என்பது பலகையில் பாகங்களை உருகி ஒட்டவைக்கும் உலோகக் கலவை. அதன் பசையைக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். எடுத்ததும் மூடியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து பசை கெட்டுவிடும். மூடியபடியே சில மணி நேரம் வெளியே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்தபிறகே திறக்க வேண்டும். பலகையில் தடவி மிஞ்சியதைப் புதுப் பசையுடன் கலக்கவும் கூடாது. ஊறுகாய்ச் சாடியில் ஈரக் கரண்டி போடாத வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை என்றார். மேற்பார்வையாளர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்ததாம்.

உருக்கிய சால்டர் தொட்டியில் காற்றுப் பட்டால் மேலே கசடு படியும். வழித்தெடுக்கும் கசட்டில் பெரும்பகுதி நல்ல உலோகமே. ஈயமில்லாத சால்டரில் பரவலாக வழங்கும் ஒரு வகையில் வெள்ளீயம் 96.5 விழுக்காடு, வெள்ளி 3 விழுக்காடு, தாமிரம் 0.5 விழுக்காடு; அதை வீசுவது காசை வீசுவதே. தொட்டியின் மேல் நைட்ரஜன் வாயுவை நிரப்பினால் கசடு குறையும். செலவுதான் என்றாலும், கசட்டை எடை போட்டுப் பார்த்தவர்கள் அதை வீண் செலவென்று சொல்வதில்லை.

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் தங்கள் பிரிவில் வழித்தெடுக்கும் கசட்டை எடை பார்த்துக் குறித்துவர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு பழைய தொலைக்காட்சிகள் இன்னும் கிடக்கின்றன. சேகரிப்பு நாளுக்குப் பிறகு இரவோடிரவாக வைத்துவிட்டுப் போனவர்கள் தயவுசெய்து எடுத்துச் செல்லவும்.

இவண்,
செயலாளர்