குச்சியும் கையும்

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி குறைந்திருக்கிறது. நீ பினாங்கிலிருந்து அனுப்பிய ஜாதிக்காய்த் தைலம்தான் காரணம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். வாசு மாமா கதை நேரில். இப்போது யாழினி விஷயம்.

ஜாஸ் டிரம்ஸ் வாசிக்கப் போகிறேன் என்கிறாள். அவளுடைய மிருதங்க ஆசிரியர் காதுக்கு எட்டிவிட்டது. "குச்சி பிடித்த கை திரும்ப மிருதங்கத்தில் நிற்காது. எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வா" என்று அனுப்பிவிட்டார். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. இவர், எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். நான் நடுவில்.

எல்லாவற்றுக்கும் காரணம் திரிலோக் குர்ட்டு என்ற ஜாஸ் டிரம்ஸ் கலைஞர். 1951இல் மும்பையில் பிறந்தவர். அம்மா ஷோபா குர்ட்டு, தும்ரி என்ற இந்துஸ்தானிப் பாட்டு வகையில் பெரிய பெயர். பையன் சின்ன வயதிலேயே தபலாவில் உட்கார்ந்துவிட்டார், டிரம்ஸ் அதற்குப் பிறகுதான். இசைத்தட்டில் தனித்தனியாக வாசித்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்வார்கள் என்பதே அப்போது அவருக்குத் தெரியாதாம். காதில் விழுந்ததையெல்லாம் ஒரே ஆள் ஒரே நேரத்தில் வாசிப்பதாக நினைத்து, அத்தனையையும் தன் கையில் கொண்டுவரப் பாடுபட்டிருக்கிறார்! யாழினி இதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்க்கணும்.

1984இல் ஆரிகன் என்ற அமெரிக்க ஜாஸ் குழுவின் காலின் வால்காட் சாலை விபத்தில் இறந்தார். சித்தாரும் தபலாவும் வாசித்தவர். அந்த இடத்துக்கு வந்தவர் குர்ட்டு. பிறகு கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு மூவர் குழு. 1989இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அவர்கள் வாசித்த பதிவுதான் இப்போது எங்கள் காரில் ஓயாமல் ஓடுகிறது. குர்ட்டு டிரம்ஸுக்கு ஸ்டூல் போடாமல் தரையோடு தாழ்ந்து உட்காருகிறார். தபலா பக்கத்திலேயே இருக்கிறது. சிம்பல் என்ற உலோகத் தட்டைத் தட்டி வாளித் தண்ணீரில் முக்குகிறார், ஒலி வளைந்து இறங்குகிறது. நடுவில் வாயாலேயே தாளச் சொற்கட்டு! 1988இல் தன் பெயரில் 'உஸ்ஃப்ரெட்' ஆல்பம் போட்டபோது அம்மாவையும் பாட வைத்தார். இந்த மனிதர் எதை விட்டுவிட்டார், சொல்லு?

ஜாஸில் ஸ்விங் என்கிற நடை என்றால் என்ன என்று யாழினி என் தொடையிலேயே தட்டிக் காட்டினாள். ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து, நடுவில் உள்ளதை விட்டு முதலையும் கடைசியையும் தட்ட வேண்டுமாம். திஸ்ர நடைதானே கலா? 'தகிட'வில் 'கி'யை விழுங்கினால் போதும். சாக்ஸபோன் நாலு பார் (தாளச் சுற்று), டிரம்ஸ் நாலு பார் என்று மாறி மாறி வாசிக்கிறார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் செய்வது வேறென்ன? தண்ணீர்மலைக் கோயில் தைப்பூசத்தில் உருமி மேளத்தை விட்டு நகர மாட்டேன் என்று உன் கையைக் கடித்த குழந்தை, இன்று எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள்.

ஆசிரியரின் பயமும் எனக்குப் புரிகிறது. மிருதங்கத்தில் விரலும் உள்ளங்கையும் தோலைத் தொட்டுத்தான் பேச வேண்டும். குச்சி துள்ளி எழும், அந்தத் துள்ளலை வாங்கிக்கொள்ள மணிக்கட்டு வேறு விதமாகப் பழக வேண்டும். கை குழம்புமா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். உன் அண்ணன் கோயிலில் மிருதங்கமும், சர்ச் பேண்டில் டிரம்ஸும் வாசித்தவர் ஆயிற்றே. அவரிடம் நீ கேள். நீ பாட ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவாரே, அப்படிப் போகவிடாதே.

இன்னொன்று, இது கனமானது. டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் ஏசியாபீட் இசைக்குழுவை வைத்துப் பெயர் எடுக்கவில்லையா, நம் மலேசியாக்காரர்தானே என்று இவரிடம் கேட்டேன். "அப்படி எத்தனை பேர்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. பெண் பிள்ளை, ராத்திரிக் கச்சேரி, மாதாமாதம் வராத சம்பளம். படுத்தால் இதுதான் ஓடுகிறது. அதற்காக அவளை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. மிருதங்கத்தையும் விடவிட மாட்டேன். ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவளிடம் கேட்கும் ஆளாக நான் இருக்கப் போவதில்லை.

ரப்பர் பேட் வைத்த எலக்ட்ரானிக் டிரம்ஸ் ஒன்று பழசாக விலைக்கு வருகிறது. எங்கள் அடுக்குமாடியில் அதுதான் சரிப்படும். அண்ணன் பரவாயில்லை என்றால் வாங்கிவிடுவேன். பள்ளி விடுமுறையில் அவளை உன் வீட்டுக்கு அனுப்புகிறேன், அவர் ஒருமுறை அவள் கையைப் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை இரவு கூப்பிடுகிறேன், அதற்குள் கேட்டு வை.

அன்புடன்,
வசந்தி