படத்தை எடுத்தபடியே காட்டுங்கள்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திரைப்படச் சங்க நண்பர்களுக்கு,

வணக்கம். பேலா தார், ஹௌ ஷியாவ்-ஷியென், டெரன்ஸ் டேவிஸ் போன்ற இயக்குநர்களின் பெயர்களைப் பலரும் முதன்முதலில் பார்ப்பது உங்கள் அழைப்பிதழில்தான். 80களின் உலக சினிமாவை வாடகைக் கூடங்களிலும் கல்லூரி வகுப்பறைகளிலும் பிடிவாதமாகத் திரையிட்டு வருகிறீர்கள். அதனால்தான் இந்த வேண்டுகோளை உங்களிடம் வைக்கிறோம். படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இருக்கும் அக்கறை, திரையிடலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்திலும் இருக்கட்டும்.

முதலில் சட்டகம், அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். உங்களிடம் இருக்கும் ப்ரொஜெக்டர் பெரும்பாலும் 16:9. அந்தக் காலத்து ஐரோப்பியக் கலைப்படங்கள் பலவும் 1.66:1. பேலா தாரின் ‘டாம்நேஷன்’ (1988) அப்படிப்பட்டது. 1920×1080 திரையில் அதன் அகலம் ஏறக்குறைய 1793 பிக்சல். இரு ஓரங்களிலும் அறுபத்துச் சொச்சம் பிக்சல் கறுப்பாக நிற்க வேண்டும். எலெம் கிளிமோவின் ‘கம் அண்ட் சீ’ (1985) 1.37:1 என்பதால் ஓரத்துக்கு 220 பிக்சல் கறுப்பு. திரை நிறையவில்லையே என்று யாராவது குறைப்பட்டு, ஆபரேட்டர் ஜூம் செய்தால் முதல் படத்தின் உயரத்தில் 7 சதவீதமும் இரண்டாவதில் 23 சதவீதமும் காணாமல் போகும். ‘கம் அண்ட் சீ’யில் கேமராவை நேராகப் பார்க்கும் சிறுவனின் முகத்துக்காகவே எடுக்கப்பட்ட படத்தில் நெற்றியையும் மோவாயையும் வெட்டிவிட்டு எதைக் காட்டப்போகிறோம்? ப்ரொஜெக்டரைச் சாய்த்து வைத்துவிட்டு, கோணலான படத்தை நிமிர்த்தும் ‘கீஸ்டோன்’ வசதியில் சரிக்கட்டுவதையும் தவிருங்கள். படம் மங்கலாகும். மேசையை நகர்த்தி லென்ஸைத் திரைக்கு நேராக வைப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

அடுத்து வேகம். இதைக் கவனிப்பவர்கள் மிகக் குறைவு. பழைய ஐரோப்பிய டிவிடிகள் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் இருப்பவை. விநாடிக்கு 24 சட்டகமாக எடுத்த படத்தை அவை 25 ஆக ஓட்டும். ஹௌ ஷியாவ்-ஷியெனின் ‘எ சிட்டி ஆஃப் சாட்னஸ்’ (1989) 157 நிமிடம். உங்கள் பிரதி 151க்குள் முடிந்தால் அது பெரும்பாலும் வேகமேறிய பிரதி. சுருதியும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவான அளவு ஏறியிருக்கும். டெரன்ஸ் டேவிஸின் ‘டிஸ்டன்ட் வாய்ஸஸ், ஸ்டில் லைவ்ஸ்’ (1988) முழுக்க லிவர்பூல் உழைக்கும் குடும்பத்தினர் வீட்டிலும் மதுக்கடையிலும் பாடுகிற படம். அந்தக் குரல்கள் கீச்சிட்டால் படமே போச்சு. ஆகவே பிரதி கைக்கு வந்ததும் முதல் வேலையாக ஓடும் நேரத்தைப் பாருங்கள்.

‘டிஸ்டன்ட் வாய்ஸஸ், ஸ்டில் லைவ்ஸ்’ படத்தின் நிறமும் சிக்கலானது. பிளீச் பைபாஸ் முறையில், அதாவது ஃபிலிமில் இருக்கும் வெள்ளியைக் கழுவி எடுக்காமல் விட்டு, வண்ணங்களை வடியச் செய்திருக்கிறார்கள். பழைய குடும்பப் புகைப்படம் போன்ற அந்தப் படத்தின் பழுப்புக்கு அதுவும் ஒரு காரணம். கீஸ்லோவ்ஸ்கியின் ‘எ ஷார்ட் ஃபிலிம் அபவுட் கில்லிங்’ (1988) இதைவிட வம்பு. ஒளிப்பதிவாளர் ஸ்வாவோமிர் இஜ்யாக் பச்சை ஃபில்டர்களைக் கொண்டு வார்சா நகரத்தையே அழுகிய பச்சை மஞ்சளாக்கினார். சட்டகத்தின் ஓரங்கள் அழுக்குப் பிடித்ததுபோல இருண்டு, ஒரு முகமோ கையோ மட்டும் வெளிச்சத்தில் நிற்கும். இதைப் பார்த்து ‘கலர் அவுட்’ என்று ஆபரேட்டர் பச்சையைக் குறைக்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ரொஜெக்டரை ‘சினிமா’ நிலைக்கு மாற்றி, வண்ண வெப்பநிலையை 6500 கெல்வினில் வையுங்கள். ‘விவிட்’, டைனமிக் கான்ட்ராஸ்ட், அசைவை வழவழப்பாக்கும் வசதி மூன்றையும் அணைத்துவிடுங்கள். இன்னொன்று: ‘டெகலாக்’ வரிசையின் ஐந்தாம் பகுதி இதே கதையின் சுருங்கிய தொலைக்காட்சி வடிவம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அழைப்பிதழில் படத்தின் பெயரைப் போட்டுவிட்டு அதை ஓட்டிவிடாதீர்கள்.

சப்டைட்டிலில்தான் அதிகமான திரையிடல்கள் கெடுகின்றன. 25 சட்டகப் பிரதிக்குச் செய்த கோப்பை 24 சட்டகப் பிரதியோடு ஓட்டினால் ஆரம்பத்தில் பொருந்துவதுபோலத் தெரியும். ஒரு மணி நேரம் ஆகும்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் முந்திவிடும். முன்னே பின்னே தள்ளிப் பார்த்துப் பயனில்லை. கோப்பு முழுவதையும் 25/24 விகிதத்தில் நீட்ட வேண்டும். ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை மாற்றும் வசதியே அதற்குப் போதும். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் படத்தோடு ஒத்துப்பார்த்த பிறகே பிரதியை மூடுங்கள். தமிழ் சப்டைட்டில் என்றால் யூடிஎஃப்-8 (UTF-8) என்ற யூனிகோட் எழுத்துமுறையில் சேமியுங்கள். கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தனியே நிற்கின்றனவா என்பதை அரங்கில் ஓடப்போகும் அதே கணினியில் பாருங்கள். வரிக்கு முப்பது எழுத்துக்கு மேல் போனால் கண் முகத்துக்குத் திரும்ப நேரம் இருக்காது.

‘எ சிட்டி ஆஃப் சாட்னஸ்’ படத்துக்கு இன்னும் கூடுதல் உழைப்பு வேண்டும். தைவானிய ஹொக்கியன், மாண்டரின், ஜப்பானியம், கான்டனீஸ், ஷாங்காய் மொழி எல்லாம் அதில் புழங்குகின்றன. ஷாங்காய் கும்பலோடு பேரம் பேசும் காட்சியில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் கான்டனீஸில் சொல்ல, அது மறுபடி ஹொக்கியனுக்குப் போகிறது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுத்தில் போட்டால் ஒரே வசனத்தை ஏன் மூன்று பேர் சொல்கிறார்கள் என்று பார்வையாளர் விழிப்பார். மொழிக்கு ஒரு நிறம் கொடுங்கள். டோனி லியுங் நடித்த வென்-சிங் காது கேளாதவன். எழுதிக் காட்டித்தான் பேசுகிறான், அவன் எழுதுபவை திரையில் எழுத்தட்டைகளாக வருகின்றன. வசனத்தைக் கேட்டுச் செய்த கோப்புகளில் இவை விடுபட்டிருக்கும். 1947இல் தைவானில் நடந்த வன்முறையின்போது ரயிலில் மொழியை வைத்தே ஆளை எடைபோடும் கூட்டத்தின் முன், அவன் வாய் திறந்து திக்கித் திணறி ‘நான் தைவான்காரன்’ என்கிறான். அது எந்த மொழியில் சொல்லப்பட்டது என்று தெரியாமல் போனால் அந்தக் காட்சிக்கு ரத்தமே இல்லை.

ஒலி பற்றிச் சுருக்கமாக. மோனோ ஒலிப்பதிவுக்கு ‘சரவுண்ட்’, ‘ஹால்’ போன்ற விளைவுகள் வேண்டாம். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றின் வயர் துருவம் மாறியிருந்தால் வசனம் குடத்துக்குள் பேசுவதுபோல ஒலிக்கும். ஒரு வயரை மட்டும் மாற்றிச் செருகினால் சரியாகிவிடும். பரஜானோவின் ‘ஆஷிக் கெரிப்’ (1988) படத்தில் அஜர்பைஜான் மொழி வசனத்தின் மேலேயே ஜார்ஜியக் குரல் ஒன்று பேசும். அது படத்தின் இயல்பு, உங்கள் மிக்ஸரின் கோளாறு என்று நினைத்து எதையும் திருகாதீர்கள்.

கடைசியாக உரிமை. வீட்டுக்கு வாங்கிய ப்ளூ-ரேயைப் பொதுத் திரையிடலுக்குப் பயன்படுத்த அனுமதி தனியாக வேண்டும். உரிமையாளருக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள், முடிந்தால் டிசிபியாக (திரையரங்குகளுக்கென்று ஹார்ட் டிஸ்கில் வரும் டிஜிட்டல் பிரதி) கேளுங்கள். அந்த ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் இருக்கும். விண்டோஸ் கணினியில் செருகியதும் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். சரி என்று அழுத்திவிட்டால் படம் போயிற்று. படம் பூட்டப்பட்டிருந்தால் அதைத் திறக்கும் சாவிக் கோப்பான கேடிஎம், படத்தை ஓட்டும் உங்கள் சர்வருக்கென்றே செய்யப்படுவது, நேரக் கெடுவும் உண்டு. கிரீன்விச் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் இருப்பதால், கெடு திரையிடலுக்கு முந்தைய நாள் காலையிலிருந்தே தொடங்கட்டும் என்று கடிதத்திலேயே கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் முதல் நாளே படத்தை முழுதாக ஓட்டிப் பார்க்க முடியும்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் சிலர்