எங்கட கோச்சியும் இங்கத்தைக் கோச்சியும்

நியூ மோல்டன், லண்டன்

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். மகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள், விடிய ஏழு மணி ரயிலில் வோட்டர்லூவுக்கு.

அந்தக் கோச்சியைப் பற்றித்தான் உனக்கு எழுதவேணும் என்று இருந்தேன். சவுத் வெஸ்ரேர்ண் ரயில்வே என்று பெயர், 2025 மே 25இல் இருந்து அதை அரசு நடத்துகிறது. 1996இல் முதன்முதலாகத் தனியாருக்குக் கைமாறிய தடங்களில் ஒன்று இது. தனியார் நடத்தும் ரயில்களை அரசு திரும்ப எடுக்க 2024இல் வந்த சட்டத்தின்படி முதலில் திரும்பி வந்ததும் இதுதான். பெட்டிகள் இன்னும் வாடகைக்கு எடுத்தவைதான். 2017இல் 90 புது ரயிலுக்கு ஓடர் கொடுத்திருந்தார்கள், அரசு பொறுப்பெடுத்த நேரம் ஓடியவை ஐந்தே ஐந்து. "பெயர்ப்பலகைதான் மாறியிருக்கு" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணை. நான் அப்படி நினைக்கவில்லை.

தனியார் காலத்தில், 2000 ஒக்ரோபரில், லண்டனுக்கு வடக்கே ஹற்ஃபீல்டில் ஓடிக்கொண்டிருந்த ரயிலின் கீழே தண்டவாளம் துண்டு துண்டாகச் சிதறியது. நாலு பேர் செத்துப்போனார்கள். அந்த இரும்பில் வெடிப்பு இருந்தது முன்பே தெரியும், மாற்றவேணும் என்பதும் தெரியும். ஆனால் தண்டவாளம் ஒரு கம்பனியுடையது, பராமரிப்பு இன்னொரு கம்பனிக்கு, ரயிலை ஓட்டுவது மூன்றாவது கம்பனி. இப்போது தண்டவாளத்தையும் ரயிலையும் ஒரே பொது அமைப்பின் கீழே கொண்டுவரப் போகிறார்கள். இனி தண்டவாளத்தைப் பராமரிப்பவனும் அதன்மேல் ரயிலை ஓட்டுபவனும் ஒரே வீட்டுக்காரர்.

எனக்கு ஊர் ஞாபகம்தான் வருகுது. 1990இல் சண்டையால் கொழும்பு - யாழ்ப்பாணம் ரயில் யாழ்தேவி நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் என்கிற பதுங்குகுழிகளுக்குப் போயின. கொடிகாமத்தில் எங்கட பின்வேலியோடு போன பாதை பற்றைக்குள் மறைந்தது. அப்பா சாகும்வரை அந்த வேலியில் படலை வைக்கவிடவில்லை, "கோச்சி வரும், பிள்ளையள் குறுக்கே ஓடுங்கள்" என்று. 2014 ஒக்ரோபர் 13, யாழ்ப்பாணம் வரைக்கும் திரும்ப ஓடின அன்று, நீ போனைத் தூக்கிப் பிடித்து அது ஊதுகிற சத்தத்தைக் கேட்கவிட்டாய். இந்தியக் கடனில் அரசு போட்ட பாதை அது. லாபக் கணக்குப் பார்த்து எந்தக் கம்பனி, மச்சான், அந்த வெளிக்குள்ளால் தண்டவாளம் போட்டிருக்கும்?

இங்கிலாந்தில் 2027 மார்ச் வரை அரசு கட்டுப்படுத்துகிற ரயில் கட்டணங்களைக் கூட்டமாட்டார்களாம், முப்பது வருடத்தில் முதல் தடவை. மகளுக்குச் சந்தோசம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வாறேன். கொழும்புக் கோட்டையில் இருந்து யாழ்தேவிக்கு ரிக்கெற் எடுத்து வை. ஜன்னலோரம் எடு, ஆனையிறவைப் பார்க்கவேணும்.

அன்புடன்,
குமார்