நன்றாக இருக்கும் மூளையில் எதற்கு என்று கேட்டீர்கள்

ஷெஃபீல்டு,
ஜூன் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம், உங்கள் நலமும், அம்மா, அப்பாயி நலமும் அறிய ஆவல். இங்கே இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. மேடு என்றால் ஆற்றங்கரையை மட்டுமே அறிந்திருந்த என் கால்கள் இந்த ஊரின் செங்குத்தான தெருக்களுக்குப் பழகிவிட்டன.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "நோயாளிக்கு வைத்தியம் என்றால் புரிகிறது; நன்றாக இருக்கிறவர்கள் தலையில் காந்தத்தை வைத்து என்னம்மா பார்க்கிறீர்கள்?" என்று கேட்டீர்கள். நான் அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். ஷாக் வைக்கிறார்கள் என்று நினைத்து அம்மா பின்னாலிருந்து அழுதது அதன் பிறகு என் காதைவிட்டுப் போகவே இல்லை. அதனால்தான் இன்று உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் அம்மாவுக்கு. மனநோய்க்குக் கொடுக்கும் ஷாக் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து, வேண்டுமென்றே வலிப்பை வரவழைப்பார்கள். இங்கே நடப்பது அதுவல்ல. எட்டு என்ற எண்ணைப் படுக்க வைத்தது போன்ற ஒரு கம்பிச்சுருளைத் தலையின் மேல் தொட்டாற்போல் வைத்து, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் அதில் பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சுவோம். அப்போது எழுந்து அடங்கும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, அடியில் இருக்கும் மூளைப் பகுதியில் சிறிதளவு மின்சாரத்தைத் தூண்டும். 1831-இல் பாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் அது போகாது. மனிதத் தலையில் இதை முதன்முதலில் செய்து காட்டியவர்கள் 1985-இல் இதே ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய தோழர்களும் என்பதை நினைத்தால், இங்கே வந்து படிப்பதில் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வலிப்பு நோய் உள்ளவர்கள், தலைக்குள் உலோகம் உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஆகியோரை நாங்கள் சேர்த்துக்கொள்வதில்லை. மிக அரிதாக வலிப்பு வரலாம் என்பதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்து, படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து வாங்குகிறோம்.

மற்றவர்கள் தலையில் வைப்பதற்கு முன் நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். காதில் பஞ்சடைப்பான் இருந்தும் 'டக்' என்ற சத்தம் கேட்டது. உச்சந்தலையில் விரலால் சுண்டியது போல் இருந்தது. சுருள் இருந்தது இடப்பக்கம். மடியில் கிடந்த என் வலது கையின் ஆட்காட்டி விரலோ நான் அசைக்காமலேயே துள்ளியது. மூளையிலிருந்து விரலுக்கு அந்தச் செய்தி வந்து சேர ஏறத்தாழ 20 மில்லிநொடிதான் ஆகிறது. அந்த விரலையே நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் அப்பா.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு துடிப்பு விரலை அசைப்பதோடு முடிந்துவிடுகிறது. அதே துடிப்புகளைக் குறிப்பிட்ட தாளக்கட்டில் தொடர்ந்து கொடுத்தால், நிறுத்திய பிறகும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை அந்தப் பகுதி மந்தமாகவோ விழிப்பாகவோ மாறியிருக்கும் என்று 2005-இல் லண்டனில் கண்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் 9 பேர். 2013-இல் 52 பேரிடம் செய்து பார்த்தபோது, சிலருக்கு அந்த விழிப்பு கூடியது, சிலருக்குக் குறைந்தது. மொத்தமாகக் கணக்கிட்டால் விளைவே தெரியவில்லை. கல்லணையில் ஒரே அளவு தண்ணீர் விட்டாலும், நம் கடைமடைக்கு எவ்வளவு வரும் என்பது வாய்க்கால் தூர்வாரிக் கிடக்கிறதா, மண் அடைத்துக் கிடக்கிறதா என்பதைப் பொறுத்தது அல்லவா? அதுபோல அந்த நேரத்தில் மூளை எந்த நிலையில் இருக்கிறது என்பது விளைவை மாற்றுகிறது. ஆய்வுக்கு வந்தவர் தூங்கினாரா, சற்று முன் அந்தக் கையால் வேலை செய்தாரா, வயது என்ன என்பதையெல்லாம் நான் குறித்துக்கொள்வது இதற்காகத்தான். நோயுற்ற மூளையில் இதைப் பிரித்தறிவது இன்னும் கடினம்; எது நோயால் வந்தது, எது இயல்பாகவே ஆளுக்கு ஆள் மாறுவது என்று சொல்ல முடியாது. நலமுள்ளவர்களிடம் முதலில் அளப்பது அந்த இயல்பான மாறுபாட்டை அறிந்துகொள்ளத்தான்.

எது நோயால் வந்தது, எது இயல்பு என்ற இந்தக் கேள்வி, பக்கவாதத்தில் அப்பாயியின் வலது கை விழுந்த நாளிலிருந்து என்னிடம் இருக்கிறது. இந்தக் காந்தம் அப்பாயியின் கையைத் திருப்பித் தரும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் ஓர் உதவி செய்யுங்கள். காலையில் அப்பாயி இடது கையால் கோலம் போடும்போது, இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் வலது கை விரல்களும் கூடவே அசைகின்றனவா, எந்த விரல் அதிகம் அசைகிறது என்று இரண்டு மூன்று நாள் பக்கத்திலிருந்து பார்த்து எனக்கு எழுதுங்கள். மேட்டூர் திறந்ததும் அதையும் எழுதுங்கள்.

அன்பு மகள்,
தமிழரசி