காதிரைச்சலுக்குக் காரணம் நரம்புத் தளர்ச்சியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், காதுக்குள் ஓயாமல் கேட்கும் இரைச்சலுக்கு 'நரம்புத் தளர்ச்சியே' காரணம் என்று அண்மையில் ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. விசைத்தறிக் கூடத்தில் மேற்பார்வையாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, அதே இரைச்சலோடு வாழ்பவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதுகிறேன்.

காதிரைச்சல் பெரும்பாலும் உட்காதிலுள்ள காக்ளியா என்னும் நத்தைச் சுருள் வடிவக் கேட்பு உறுப்பில் ஏற்படும் சேதத்தில் தொடங்குகிறது. அதில் ஒலியதிர்வை நரம்புக்குரிய மின்குறிப்பாக மாற்றும் மயிர்ச் செல்கள் ஒரு காதில் ஏறத்தாழ 15,000 மட்டுமே உள்ளன. தறிச் சத்தத்தாலோ, வெடியாலோ, முதுமையாலோ, ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து போன்றவற்றாலோ அவை அழிந்தால், மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. காதிலிருந்து வரும் குறிப்புகள் இவ்வாறு குறையும்போது மூளையின் கேட்புப் பாதை அந்தக் குறையை ஈடுகட்டத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்றும், அதனால் வெளியே ஒலியே இல்லாத நேரத்திலும் நரம்பணுக்களில் இயல்பாக நடக்கும் துடிப்புகள் பெருகி ஒலியாக உணரப்படுகின்றன என்றும் ஆய்வாளர் பலர் விளக்குகின்றனர். செவி நரம்பை அறுவை சிகிச்சையில் துண்டித்த பின்னரும் பலருக்கு இரைச்சல் நீடித்தது, மூளைக்கு இதில் உள்ள பங்கைக் காட்டுகிறது. பல்லைக் கடித்தாலோ தாடையை அசைத்தாலோ சிலருக்கு இரைச்சல் மாறுவதற்கும், முகத்தின் தொடு உணர்வு நரம்புகள் மூளைத்தண்டில் கேட்புப் பாதையோடு இணைவதே காரணம்.

கேட்புத்திறன் பரிசோதனை இயல்பாக இருக்கிறது என்பதற்காக, 'எல்லாம் மனப்பிரமை' என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. பலத்த சத்தத்துக்கு ஆளான எலிகளுக்குக் கேட்கும் திறன் முழுவதும் திரும்பி, மயிர்ச் செல்களும் சேதமின்றி இருந்தபோதிலும், அச்செல்களை நரம்போடு இணைக்கும் சந்திப்புகளில் காக்ளியாவின் ஒரு பகுதியில் பாதி வரை நிரந்தரமாக அழிந்திருந்ததை குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினர். மனிதரிடமும் இத்தகைய சேதம் நேரலாம். வழக்கமான பரிசோதனை அதைப் பிடிப்பதில்லை.

நரம்புத் தளர்ச்சி என்று நம்பும் தொழிலாளி டானிக் வாங்குவார். காதடைப்பான் அணிய மாட்டார். எங்கள் கூடத்தில் கண்கூடாகக் கண்டது இது. எனவே, அந்தக் குறிப்புக்குத் திருத்தம் வெளியிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரைக் கொண்டு விரிவான கட்டுரை எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலிக்கும் இரைச்சல், திடீர்ச் செவித்திறன் இழப்பு ஆகியவற்றுக்குத் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும் என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு.